பழைய மடிக்கணினியும் பழுதறியும் முறையும்

மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் தாயின் முன், மகள் மடிக்கணினியைத் திறந்துவைத்தபடி வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கிறாள். எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்தவள். பல்கலைக்கழக இடத்திற்கான யு.பி.யு. விண்ணப்பத்தை இணையத்தின் வழி அனுப்ப வேண்டியவள். பொத்தானை அழுத்திப் பத்து நிமிடங்கள் கடந்தும் திரை தெளியவில்லை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் பென்டிரைவுடன் வந்தார். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் வேலை பாதியிலேயே நின்றுவிட்டது. லாபு, ரந்தாவ், பகாவ், தம்பின் என நெகிரி செம்பிலான் மாநிலத்தின் எந்த வட்டாரத் தோட்டத்திலும் இத்தகைய காட்சி இன்று புதியதன்று.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இல்லத்திற்கே வந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளம் தொடங்கப்பெற்றது. பிள்ளைகளின் கல்வி தடைப்படக்கூடாது என்று, கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு பெற்றோர் பலர் பழைய மடிக்கணினிகளை வாங்கினர். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டத்தின் கீழ், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கத் திட்டமிடப்பட்டது. அக்காலத்தில் வாங்கப்பட்ட பழைய கருவிகளுக்கு இன்று மேலும் பல ஆண்டுகள் வயதாகிவிட்டன.

பால் குறைந்த மரத்தைக் கண்டதும், கத்தியைத் தீட்டினால் போதும் என்று அனுபவமுள்ள தொழிலாளி எண்ணுவதில்லை. பட்டை வற்றியிருக்கிறதா, அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டதா, வேரில் வெண்பூசணம் பற்றியிருக்கிறதா என்று அவர் முதலில் ஆராய்கிறார். மேலே இலை பசுமையாக இருக்க, மண்ணுக்குள் வேர் அழுகிப்போன மரங்களை அவர் அறிவார். மடிக்கணினிக்கும் இதே நோக்குத் தேவை. விண்டோஸை மீண்டும் நிறுவுதல் என்பது கத்தியைத் தீட்டுவது போன்றது. வேரில் நோய் இருக்குமாயின் அதனால் பயனில்லை. சில வேளைகளில் அதுவே எஞ்சியிருந்த உயிரையும் போக்கிவிடும்.

மந்தம் ஏன் ஏற்படுகிறது?

கணினிக்குள் மூன்று உறுப்புகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும். கணக்கிடும் வேலையைச் செய்வது செயலி. செய்துகொண்டிருக்கும் வேலையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் மேசை போன்றது ரேம் எனப்படும் நினைவகம். எல்லாவற்றையும் நிலையாகச் சேமித்து வைக்கும் அலமாரி போன்றது வன்தட்டு.

மேசை சிறியதாயின் பொருள்களை ஓயாமல் அலமாரியில் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். 2 ஜிபி அல்லது 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கணினியில் நிகழ்வது இதுவே. இடம் போதாமல், அது வன்தட்டையே நினைவகமாகப் பயன்படுத்த முற்படுகிறது. பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டோ சுழலும் தகட்டால் ஆனது. பெரும்பாலானவை நிமிடத்திற்கு 5,400 சுற்றுகள் சுழல்பவை. தகட்டின் மீது ஓர் ஊசிமுனை அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைத் தேடி எடுக்க வேண்டும். கணினி திணறும்போது ‘கிறுகிறு’ என்று ஓயாமல் ஒலி கேட்பது இதனால்தான்.

மூன்றாவது காரணம் வெப்பம். காற்றாடியில் தூசி அடைத்துக்கொண்டால் செயலியின் சூடு வெளியேறாது. சூடு வரம்பை மீறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தையின் மீதோ மடிந்த போர்வையின் மீதோ வைத்துப் பயன்படுத்தினால் அடிப்பக்கக் காற்றுவழி மூடப்பட்டு இதே நிலை ஏற்படும். தூசியைத் துடைத்து, மேசை மீது வைத்து இயக்கிய பின் வேகம் திரும்பினால், விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டிய தேவையே இல்லை.

இவற்றோடு, வன்தட்டு முழுவதும் நிரம்பியிருத்தல், இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்குதல், கணினியைத் திறந்தவுடன் பல நிரல்கள் தாமாகவே எழுந்துகொள்ளுதல் ஆகியவையும் மந்தத்தை உண்டாக்கும்.

முதலில் காக்க வேண்டியவை கோப்புகளே

இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவோர் பலர் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழின் நகல், எஸ்.பி.எம். சான்றிதழ், குடும்பப் படங்கள், ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள்கள் ஆகியவற்றை வேறிடத்தில் வைக்காமலேயே அழிப்புப் பொத்தானை அழுத்திவிடுகின்றனர். விண்டோஸ் அழிந்தால் வேறு விண்டோஸ் கிடைக்கும். மறைந்த பாட்டனாரின் ஒரே புகைப்படம் அழிந்தால் மீண்டும் கிடைக்காது.

விண்டோஸ் திறக்க மறுத்தாலும் கோப்புகளை எடுக்க வழியுண்டு. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே, வன்தட்டில் எதையும் மாற்றாமல் இயக்க முடியும். அவ்வாறு இயக்கி, கோப்புகளை வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் பிட்லாக்கர் எனும் பூட்டு இருக்கும். அதனைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் தேவை. உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கக்கூடும் என்பதால் முன்னதாகவே தேடி எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று தட்டுவது போன்ற ஒலி வருமாயின், உடனே கணினியை அணைத்துவிட வேண்டும். மேலும் மேலும் முயல்வது தகட்டைக் கீறிக் கோப்புகளை மீட்க முடியாதவாறு செய்துவிடலாம்.

இங்கே ஓர் ஆபத்தையும் குறிப்பிடுதல் கடமையாகும். தொடுபலகை மேலெழும்பியோ, அடிப்பக்கம் உப்பியோ காணப்பட்டால் உள்ளேயிருக்கும் மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதனைக் குத்துவதோ அழுத்துவதோ மின்னேற்றுவதோ கூடாது, தீப்பற்றக்கூடும். வேறெந்த வேலைக்கும் முன்பாக, கடைக்காரர் வழி அதனை அகற்றுவித்தல் வேண்டும்.

நிற்கும் இடமே சான்று

கோப்புகளைக் காத்துக்கொண்ட பின், மீண்டும் நிறுவும் முயற்சி ஏன் தோல்வியுறுகிறது என்று ஆராயலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். ஒவ்வொரு முயற்சியிலும் வேலை எந்த இடத்தில் நின்றது, திரையில் என்ன எழுதியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று முறையும் ஒரே இடத்தில், ஒரே வாசகத்துடன் நின்றால், பெரும்பாலும் குறை நாம் பின்பற்றிய முறையில் உள்ளது. அதைப் பணச் செலவின்றித் திருத்தலாம். ஒருமுறை 20 விழுக்காட்டிலும், மறுமுறை 63 விழுக்காட்டிலும், பின்னொருமுறை நீலத்திரை காட்டியும் நின்றால், பெரும்பாலும் குறை கணினியின் உடலில் உள்ளது. எத்தனை முறை முயன்றாலும் பயனிராது. இவ்விரண்டு முடிவுகளுக்கும் வருமுன் வேறொரு பென்டிரைவையும் வேறொரு துளையையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் பழுதான பென்டிரைவ் இரு விதமாகவும் ஏமாற்றக்கூடியது.

ஒரே இடத்தில் நின்றால்

பென்டிரைவைச் செருகியும் பழைய விண்டோஸே திறக்கிறது என்றால், கணினி பென்டிரைவைப் பார்க்கவே இல்லை. கணினியைத் திறந்தவுடன் உரிய விசையைத் தட்டி, எதிலிருந்து தொடங்குவது என்று நாமே காட்டிக்கொடுக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி. கணினிகளில் எஸ்கேப் அல்லது எஃப்9, ஏசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், ஏசரில் எஃப்12. ஏசரில் முதலில் எஃப்2 விசையால் பயாஸ் அமைப்புக்குள் சென்று எஃப்12 பட்டியலுக்கு அனுமதி அளிக்க வேண்டியிருக்கலாம். விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருப்பதும் இதற்குக் காரணமாகலாம். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைத்தால் கணினி முழுமையாக அணையும்.

பென்டிரைவில் விண்டோஸ் கோப்பை வெறுமனே நகலெடுத்து வைத்தால் அது வேலை செய்யாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இலவசமாக வழங்கும் நிரலைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவில் அதனை உருவாக்க வேண்டும். பென்டிரைவில் முன்பிருந்தவை யாவும் அப்போது அழிந்துவிடும்.

“இவ்வட்டில் விண்டோஸை நிறுவ முடியாது” என்னும் பொருளில் செய்தி தோன்றி, அதனுடன் எம்.பி.ஆர். அல்லது ஜி.பி.டி. என்ற சொல் காணப்பட்டால், கணினி தொடங்கும் முறையும் வன்தட்டு பிரிக்கப்பட்ட முறையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பழைய பயாஸ் முறை எம்.பி.ஆர். பிரிவையும், புதிய யு.இ.எஃப்.ஐ. முறை ஜி.பி.டி. பிரிவையும் எதிர்பார்க்கின்றன. பென்டிரைவை உரிய முறையில் மீண்டும் தொடங்கினாலே பல நேரங்களில் தடை நீங்கும். வன்தட்டை முழுதும் அழித்துப் பிரிப்பது மற்றொரு வழி. கோப்புகளைக் காத்த பின்னரே அதனைச் செய்யலாம்.

சில சிறிய கணினிகளில் வேறொரு விந்தை உண்டு. 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இன்டெல் ஆட்டம் வகைக் கருவிகள் பலவற்றில், செயலி 64-பிட்டாக இருந்தும் தொடக்க நிரல் 32-பிட்டாக அமைந்திருந்தது. வழக்கமான 64-பிட் பென்டிரைவை அவை பொருட்படுத்துவதே இல்லை. பென்டிரைவ் மீது குறை கூறிப் பயனில்லை.

பள்ளியின் வழி கிடைத்த கருவி குரோம்புக் ஆக இருப்பின், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டதே அன்று. பள்ளிக்குரிய கருவியைப் பள்ளியின் அனுமதியின்றி அழித்து மாற்ற முற்படுதல் முறையும் அன்று. அவ்வாறே, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளைக் கடையில் வாங்குவோர், பயாஸில் கடவுச்சொல் பூட்டு உள்ளதா என்று வாங்குமுன்பே திறந்து காட்டச் சொல்ல வேண்டும். பழைய நிறுவனத்தின் பதிவில் நீடிக்கும் கருவி, புதிதாக விண்டோஸ் போட்ட பின்னும் அந்நிறுவனத்தின் கணக்கையே கேட்கக்கூடும்.

வெவ்வேறு இடங்களில் நின்றால்

இந்நிலையில் ஐயத்திற்குரியவை நான்கு.

முதலாவது வன்தட்டு. நகலெடுக்கும்போது மணிக்கணக்கில் நகராமல் நிற்பதும், கோப்பைப் படிக்க முடியவில்லை என்ற பொருளில் 0x80070570 போன்ற பிழை எண் வருவதும் இதன் அறிகுறிகள். வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச நிரல் அதனைப் படித்துக் காட்டும். எச்சரிக்கை நிறம் தோன்றினால் அவ்வன்தட்டை இனி நம்பலாகாது.

இரண்டாவது நினைவகம். நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணத்தைக் காட்டினால் இதனைச் சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்னும் நிரலைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிடலாம். ஒரு பிழை காட்டினாலும் நினைவகத்தை ஐயுறலாம். சில வேளைகளில் மின்னிணைப்பை நீக்கி, நினைவகப் பலகையைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, முன்னர் கூறிய வெப்பம். தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தானாக அணைந்துவிடுவது இதன் அடையாளம்.

நான்காவது, கடிகார மின்கலம். பல கணினிகளில் இது நாணயம் போன்ற சிறு வட்ட வடிவில் இருக்கும். கணினியைத் திறக்குந்தோறும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றிருந்தால் இது தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதி தவறானால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். மின்கலம் தீர்ந்தால் நாம் செய்த பயாஸ் அமைப்புகளும் சில கணினிகளில் மறைந்துபோகும். ஒரு சிறு மின்கலத்தை மாற்றுவதால் தீரும் குறைக்காக முழுக் கணினியையும் தூக்கி எறிந்தோர் உண்டு.

இங்கும் லினக்ஸ் பென்டிரைவ் நல்ல துணையாகும். வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்து இயக்கும்போது கணினி ஒரு மணி நேரம் தடங்கலின்றி ஓடினால், செயலியும் நினைவகமும் பெரும்பாலும் நலமாக உள்ளன. குறை வன்தட்டில்தான் என்று ஊகிக்கலாம். அப்போதும் திணறி நின்றால், வன்தட்டை மட்டும் மாற்றி என்ன பயன்?

விண்டோஸ் 11 ஏற்க மறுத்தால்

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிவுற்றன. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. பதிவு செய்துகொண்ட இல்லக் கணினிகளுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கையோ சேமநிதிக் கணக்கையோ திறப்பது, கதவில்லா வீட்டில் சம்பளப் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் 11க்கு 64-பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. இன்டெல் செயலிகளில், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை ஏற்கப்படுவதில்லை. ஆகவே 2016ஆம் ஆண்டுக் கணினி மறுக்கப்பட்டால் அது பழுதன்று, விதி. இத்தடையைச் சுற்றிச் செல்லும் குறுக்குவழிகள் உண்டெனினும், அவ்வாறு நிறுவிய கணினிகளுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளிப்பதில்லை.

அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் தக்க மாற்றாகும். லினக்ஸ் மின்ட் என்னும் வெளியீடு 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும்; 4 ஜிபி இருப்பின் வசதியாக இருக்கும். டெலிமா, யு.பி.யு. போன்றவை இணைய உலாவியில் திறப்பவை. கடிதம் எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபிஸ் உண்டு. தமிழிலும் தட்டச்சு செய்யலாம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்து வழங்கப்பட்டது. ஆதலால் நம் மாணவர்க்கு இது எட்டாத கனியன்று.

எதற்குச் செலவிடலாம்?

சுழலும் வன்தட்டுள்ள கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்ய இயலுமாயின், அது எஸ்.எஸ்.டி.க்கு ஆகட்டும். இதில் சுழலும் தகடோ நகரும் ஊசியோ இல்லை. பழுதான வன்தட்டுக்கு மாற்றாகவும் மந்தத்திற்கு மருந்தாகவும் இது ஒருங்கே உதவும். அடுத்த செலவு, நினைவகத்தை 8 ஜிபிக்கு உயர்த்துதல். வாங்குமுன் உறுப்புகளைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மலிவான சிறு கணினிகள் சிலவற்றில் 32 ஜிபி சேமிப்பிடம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதற்கு மாற்றில்லை. தாய்ப்பலகையோ திரையோ பழுதாயிருப்பின், செலவைக் கணக்கிட்டு, நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியைத் தேடுவதே அறிவுடைமை.

கடைக்குச் செல்லும்போது, நாம் எழுதி வைத்த தாளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். “கணினி கெட்டுவிட்டது” என்று சொல்பவரிடம் எதையும் விற்கலாம். “மூன்று முறை முயன்றேன், மூன்று வெவ்வேறு இடங்களில் நின்றது, நினைவகத்தில் பிழையில்லை, வன்தட்டு எச்சரிக்கை காட்டுகிறது” என்று சொல்பவரிடம் அது எளிதன்று. கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறு கேட்டுப் பெறுதல் நம் உரிமை; பழைய வன்தட்டில் நம் குடும்பச் செய்திகள் உள்ளன அல்லவா?

இடி மின்னல் நேரத்தில் நிறுவும் வேலையைத் தொடங்கலாகாது. மின்சாரம் பாதியில் நின்றால் நிறுவலும் பாதியில் நின்றுவிடும். இறுதியாக, உதவாத கணினியைச் செம்புக் கம்பிக்காக வீட்டுக் கொல்லையில் எரித்தல் தவறு. அப்புகை நஞ்சாகும். மின்னணுக் கழிவுகள் 2005ஆம் ஆண்டின் விதிகளின்படி மலேசியாவில் அட்டவணைக் கழிவுகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றைச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்தலே முறை.

விண்ணப்ப நாள் நெருங்கிவிட்டால், கணினி சீராகும்வரை காத்திருத்தல் வேண்டா. அருகிலுள்ள நாடி மையத்திலோ நூலகத்திலோ பள்ளியிலோ விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிட வேண்டும். இயந்திரத்தைப் பிறகு பொறுமையாகப் பழுது பார்க்கலாம். தவறிய நாளைத் திரும்பப் பெற இயலாது. நோயறிந்து மருந்து செய்யும் பழக்கம் மரத்திடம் நமக்கு உண்டு. அதே பொறுமையை மடிக்கணினியிடமும் காட்டினால், வீண் செலவும் குறையும். பிள்ளைகளின் படிப்பும் தடையின்றி நடக்கும்.